பூச்சியா, குடல்வாலா? மடியைத் தடவிச் சொல்லும் வைத்தியம்

ஏழை வீட்டுக் குழந்தைக்கு வயிறு வலித்தால் அது பூச்சி. காசுள்ள வீட்டுக் குழந்தைக்கு வயிறு வலித்தால் அது அப்பெண்டிசைட்டிஸ், அதாவது குடல்வால் வீக்கம். முன்னவனுக்கு மாத்திரை, பின்னவனுக்குக் கத்தி. எந்தப் பாடப் புத்தகத்திலும் அச்சாகாத இந்தச் சூத்திரத்தின்படிதான் நம் ஊர்களில் வைத்தியம் நடக்கிறது. குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டிய கை, தகப்பனின் மடியைத் தடவிப் பார்க்கிறது!

இரண்டு வழியிலும் பலியாவது குழந்தைதான். பூச்சி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்கு உண்மையில் குடல்வால் வீங்கியிருந்தால், அது உள்ளுக்குள் வெடித்து, வயிறெங்கும் சீழ் பரவி, உயிருக்கே உலை வைக்கிறது. குடல்வால் என்று சொல்லி அறுக்கப்பட்ட குழந்தைக்கு உண்மையில் பூச்சித் தொல்லைதான் என்றால், தழும்பும் கடனும் மிஞ்சுகின்றன. பூச்சியும் மிஞ்சுகிறது.

இந்த அநியாயத்தைப் பற்றிப் பேசினால் கனவான்கள் உடனே விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். "குடல் பூச்சிக்கும் குடல்வால் வீக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா என்பதே முடிவாகவில்லை. டாக்டர்களே ஒருவருக்கொருவர் வாதிடுகிறார்கள். இதில் ஏன் அரசியலைக் கலக்கிறீர்கள்?" என்று உபதேசம் செய்கிறார்கள். நல்லது. விஞ்ஞானத்துக்கு நாம் பயந்தவர்கள் அல்ல. அது என்னதான் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மெச்னிகோவின் சந்தேகம்

பெருங்குடல் துவங்கும் இடத்தில், வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில், ஒரு விரல் போலத் தொங்கும் சிறு குழாய்தான் குடல்வால். ஒரு பக்கம்தான் வாய், மறுபக்கம் அடைப்பு. முட்டுச் சந்து போன்றது. உள்ளே போனது வந்த வழியே திரும்பியாக வேண்டும். அந்த வாய் அடைபட்டால் உள்ளே நீர் கட்டுகிறது, கிருமி பெருகுகிறது, குழாய் வீங்கி அழுகுகிறது, கடைசியில் ஓட்டை விழுகிறது. இந்த நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயரிட்டு, காலம் தாழ்த்தாமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று 1886-ல் அடித்துச் சொன்னவர் ரெஜினால்டு பிட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர்.

வாயை அடைப்பது எது? இறுகிக் கல்லாகிப் போன மலம் அடைக்கலாம். குழாயின் சுவரிலுள்ள நிணநீர்த் திசு வீங்கி அடைக்கலாம். பூச்சி அடைக்குமா? இந்தக் கேள்வியை 1901-ல் உரக்க எழுப்பியவர் இலியா மெச்னிகோவ். ரஷ்யப் பேரரசின் கார்கோவ் பகுதியில் பிறந்து, பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்து, 1908-ல் நோபல் பரிசு பெற்ற மேதை அவர். பூச்சிகள் குடல்வாலின் உட்சுவரைக் காயப்படுத்துகின்றன, அந்தக் காயத்தின் வழியே கிருமிகள் நுழைகின்றன என்பது அவருடைய கருத்து. அன்றைய வைத்திய உலகம் இரண்டாகப் பிரிந்தது. இன்றும் முழுதாக ஒன்று சேரவில்லை.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக, வெட்டி எடுத்த குடல்வால்களை அறுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்து வருகிறார்கள். பூச்சி இருந்த குடல்வால்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லும் ஆராய்ச்சி உண்டு. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் என்று சொல்வதும் உண்டு. ஊருக்கு ஊர் பூச்சியின் அளவு வேறுபட்டால் கணக்கும் வேறுபடத்தானே செய்யும்? அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி 2004-ல் வெளியிட்ட கணக்கின்படி, 1,549 குடல்வால்களில் 21-ல்தான் பூச்சி இருந்தது. இவற்றையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பல ஆராய்ச்சிகளில், பூச்சி இருந்த குடல்வால்களில் கணிசமானவை வீக்கமே இல்லாமல் நல்ல நிலையில் இருந்தன. ஆனால் அந்தக் குழந்தைகளில் பலர் வலது வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவர்கள்தான்!

இதிலிருந்து தேறுவது என்ன? பூச்சி நிஜமான குடல்வால் வீக்கத்தை உண்டாக்குவது எப்போதோ ஒரு முறை. ஆனால் குடல்வால் வலியைப் போலவே வேஷம் கட்டி ஆடுவதில் அது கைதேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு குழந்தையையும் படுக்க வைத்து, தொட்டுப் பார்த்து, சோதித்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். டாக்டர்கள் வாதிடுவது காரணத்தைப் பற்றி. சோதிக்க வேண்டும் என்பதில் அவர்களிடையே வாதமே கிடையாது. கனவான்கள் மறைக்கும் உண்மை இதுதான்.

குடல்வால் இருக்கும் இடத்திலேயே குடித்தனம் நடத்துவது கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு போலிருக்கும், நீளம் அரை அங்குலம்தான். இரவில் ஆசனவாய்க்கு வந்து முட்டையிடும். குழந்தை சொறியும், நகத்தில் முட்டை ஏறும், மறுநாள் வாய்க்குப் போகும். இது பணக்காரன், ஏழை என்று பார்ப்பதில்லை. லண்டன் பள்ளிக் குழந்தைக்கும் வரும். மலப் பரிசோதனையில்கூட இது பெரும்பாலும் அகப்படாது. விடியற்காலையில் ஆசனவாயில் ஒட்டு நாடாவை ஒற்றி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். காலணாப் பெறாத இந்தச் சோதனையை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்றைக்காவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நாக்குப்பூச்சியின் கதை வேறு. ஓரடி வரை வளரும். ஒரு பெண் பூச்சி ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை இடும். மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். கழிப்பிடம் இல்லாத இடத்தில், கைகழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் இது வாழ்கிறது. குடல்வாலுக்குள் இது நுழைவது அபூர்வம். பந்தாகச் சுருண்டு குடலையே அடைப்பதுதான் இதன் வேலை. 1963-ல் தென் கொரியாவில் ஜியோஞ்சு நகர ஆஸ்பத்திரிக்கு வயிற்று வலியோடு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். ஆபரேஷன் செய்து வெளியே எடுத்த பூச்சிகள் 1,063. சிறுமி பிழைக்கவில்லை.

பூச்சி நம் நண்பனாம்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு வந்து பேசுகிற கூட்டம். "சுத்தம் அதிகமான நாட்டில்தான் குடல்வால் நோய் பெருகிற்று. பூச்சியோடும் புழுதியோடும் வளரும் ஏழைக் குழந்தைக்கு இயற்கையே கவசம் கொடுத்திருக்கிறது" என்கிறார்கள் இவர்கள். ஏழையின் வயிற்றில் புழு நெளிவதைக்கூடப் பாக்கியம் என்று சொல்லத் துணிந்த நாக்குகள்!

இவர்கள் துணைக்கு அழைப்பது டேவிட் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் டாக்டரை. அவர் 1985-ல் எழுதியது என்ன? இங்கிலாந்திலும் வேல்சிலும் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து குடல்வால் நோய் வேகமாக ஏறிற்று. வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் குளியலறையும் வரத் துவங்கிய காலம் அது. சிறு வயதில் கிருமிகளைச் சந்திக்காத குழந்தைகள் பின்னால் வளர்ந்தபோது சந்தித்தார்கள், குடல்வால் வீங்கிற்று என்பது அவருடைய ஊகம். கனவான்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மானம் போய்விடும்! சுகாதார வசதி மேலும் பரவி, கிருமியைச் சந்திக்கும் வாய்ப்பே குறைந்தபோது அந்த நோயும் இறங்கிற்று என்பதும் பார்க்கர் சொன்னதுதான். அரைகுறைச் சுத்தம் ஆபத்து. முழுச் சுத்தம் பாதுகாப்பு. பாதி ஊருக்குக் குழாய், பாதி ஊருக்குக் குட்டை என்று பங்கு போட்ட சர்க்காருக்குத்தான் இதில் பாடம் இருக்கிறதே தவிர, பூச்சிக்கு நற்சான்றிதழ் இல்லை.

அரசனின் குடல்வால்

1902 ஜூன் 26 அன்று லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா என்று நாள் குறித்திருந்தார்கள். உலகத்து ராஜாக்களெல்லாம் வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டு நாளைக்கு முன் மன்னரின் வலது வயிற்றில் சீழ் கட்டிவிட்டது. 24-ம் தேதி டாக்டர் பிரெடெரிக் டிரீவ்ஸ் அரண்மனையிலேயே ஆபரேஷன் செய்து சீழை வெளியேற்றினார். ஆகஸ்டு 9-ம் தேதி முடிசூட்டு நடந்தது. இதே டிரீவ்சின் சொந்த மகள் இரண்டாண்டுக்கு முன், 1900-ல், இதே நோயில் இறந்தாள் என்பது வேதனையான விஷயம். பெரிய டாக்டரும் பிழை செய்வார், நல்ல டாக்டருக்கும் சில சமயம் பிடிபடாது. நோயில்லாத குடல்வாலை நேர்மையான கை எடுத்துவிடுவதும் உண்டு. அதை நாம் குற்றம் என்று சொல்லவில்லை.

இன்னொரு சம்பவத்தையும் பாருங்கள். 1961 ஏப்ரல் 30. தென் துருவப் பிரதேசத்தில் சோவியத் நாட்டின் நோவோலசரேவ்ஸ்கயா முகாம். சுற்றிலும் பனிக்காடு, விமானமும் வர முடியாது. முகாமின் ஒரே டாக்டர் லியோனிட் ரொகோசோவுக்கே குடல்வால் வீங்கிவிட்டது. வயது 27. வானிலை நிபுணர் ஒருவரையும் மெக்கானிக் ஒருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மரத்துப்போகும் ஊசியைத் தானே போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்தும் விரலால் தடவியும் தன் வயிற்றைத் தானே கிழித்து அந்தக் குடல்வாலை எடுத்தார். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். அந்த வீரத்தை வியக்காதவர் இல்லை. நான் வியப்பது வேறொன்றை. அந்த முகாமில் இருந்த மனிதர்கள் மொத்தம் 13 பேர். 13 உழைப்பாளிகள் பனியில் வேலை செய்யப் போகிறார்கள் என்றால் அவர்களோடு கத்தி பிடிக்கத் தெரிந்த ஒரு டாக்டரும் போக வேண்டும் என்று நினைத்தது ஒரு சர்க்கார். அந்த நாடு இன்று இல்லை. அந்தக் கணக்கு இருக்கிறது. லட்சம் பேர் வாழும் தாலூகாவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வயிற்றை அறுக்க ஒரு டாக்டரும், மயக்க மருந்து கொடுக்க ஒரு டாக்டரும் இருக்கிறார்களா? சர்க்கார் பதில் சொல்லட்டும்.

எங்கள் ஒன்றியத்தில் நடந்தது இது. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் தோழர் ஒருவரின் மகள், ஒன்பது வயது. தொப்புளைச் சுற்றி வலி, வாந்தி. தூக்கிக்கொண்டு போனாள் தாய். "ஒண்ணுமில்லேம்மா, பூச்சி வலிதான். மண்ணைத் தின்னாம பாத்துக்க" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். படுக்க வைத்துப் பார்க்கவில்லை. வயிற்றில் கை வைக்கவில்லை. "ஐயா, காச்சலும் அடிக்குதுங்க" என்று தாய் சொன்னது காதில் விழவில்லை. பூச்சி வெளியே வரட்டும் என்று பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தாள். மூன்றாம் நாள் வயிறு பலகையாகிவிட்டது. அங்கிருந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவர்கள் முதலில் கேட்டது பணம். சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார் தகப்பன். குழந்தை பிழைத்தாள். வெடித்த குடல்வாலுக்கு அந்தக் குடும்பம் இன்னும் கல் அறுத்துக் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறது. தாய்க்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? குழந்தையைச் சுத்தமாக வளர்க்கத் தெரியாதவள்!

இதன் மறுபக்கம் கத்தி வியாபாரம். கட்டணம் கட்ட ஆள் இருந்தால், காப்பீட்டு அட்டை இருந்தால், வயிற்று வலி எல்லாம் ஆபரேஷன் ஆகிவிடுகிறது. இது மிகை என்பவர்கள் 2019-ஐ நினைவுபடுத்திக்கொள்ளட்டும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது அந்த மாநிலச் சட்டமன்றம் வரை வந்தது. லாபம் நுழைந்த இடத்தில் கருப்பைக்கும் குடல்வாலுக்கும் பேதம் இல்லை.

மாத்திரைத் திருவிழா

சர்க்கார் என்ன செய்கிறது? 2015 முதல் குடற்புழு நீக்க நாள் கொண்டாடுகிறது. 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை. பேனர் உண்டு, படம் உண்டு. மாத்திரை நல்ல மாத்திரை. நம் குழந்தைகள் அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும். இதில் யாரும் குழம்ப வேண்டாம். ஆனால் மாத்திரை கொடுத்தவுடன் கடமை முடிந்தது என்று கைகழுவுகிறார்களே, அங்கேதான் பித்தலாட்டம். கைகழுவப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் இல்லை, இவர்கள் மட்டும் கழுவிவிடுகிறார்கள்!

மருந்து கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்று பல நாடுகளின் ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2012-ல் கணக்கிட்டார்கள். நாக்குப்பூச்சி மூன்று மாதத்தில் பழைய அளவில் நூற்றுக்கு 26 பங்கும், ஆறு மாதத்தில் 68 பங்கும், ஓராண்டில் 94 பங்கும் திரும்பி வந்துவிடுகிறது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடையே 1999 முதல் 2004 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளிவந்தது. குழந்தை மரணத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஏன்? பூச்சி வயிற்றிலிருந்து போயிற்று, மண்ணிலிருந்து போகவில்லை. 2019 அக்டோபர் 2 அன்று, திறந்தவெளியில் மலம் கழிப்பது நாட்டில் ஒழிந்துவிட்டது என்று பிரதமர் அறிவித்தார். சர்க்காரே நடத்திய 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, நூற்றுக்கு 19 குடும்பங்கள் எந்தக் கழிப்பிடத்தையும் பயன்படுத்துவதில்லை என்று எழுதிற்று. எதை நம்புவது? அறிவிப்பையா, ஆய்வையா?

இந்த வித்தை புதிதல்ல. 1916-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க அமெரிக்க ராக்பெல்லர் நிதி வந்து இறங்கிற்று. தோட்டத் தொழிலாளிகள், நம் தமிழ் மக்கள், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புழுவால் ரத்தம் வற்றிக் கிடந்தார்கள். மருந்து கொடுப்பதற்குத் துரைமார்களுக்கு ஆட்சேபம் இல்லை. ரத்தம் ஊறினால் கொழுந்து கூடுதலாகக் கிள்ளுவார்கள் அல்லவா! லயத்துக்குக் கழிப்பிடம் கட்டு என்றதும் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து குடித்த தொழிலாளி அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தான், அதே புழு திரும்ப ஏறிற்று. நூறு வருஷத்துக்கு முந்திய அந்தத் துரையின் புத்திதான் இன்றைய இலாகாக்களிலும் உட்கார்ந்திருக்கிறது.

புழுவை வேரோடு ஒழிக்க முடியாது என்பது பச்சைப் பொய். நரம்புச் சிலந்தி என்ற புழுவைப் பெரியவர்கள் அறிவார்கள். காலில் கொப்புளம் கிளம்பி, முழ நீளத்துக்குப் புழு வெளியே வரும். புகாரா நகரத்தில் அமீர் ஆட்சியில் வாழையடி வாழையாக இருந்த அந்த நோயை, புரட்சிக்குப் பின் டாக்டர் லியோனிட் இசாயேவும் தோழர்களும் 1930-களின் துவக்கத்துக்குள் துடைத்தெறிந்தார்கள். கிருமி பிடித்த குளங்களை வற்ற வைத்தார்கள், குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் 1996-ல் கடைசி நோயாளியோடு அது முடிந்தது. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதற்குத் தடுப்பூசி கிடையாது, மாத்திரை கிடையாது. நல்ல தண்ணீர் ஒன்றே மருந்து! தென் கொரியாவில் அன்று ஆண்டது ராணுவச் சர்வாதிகாரம். அதைப் புகழ நமக்கு எந்த முகாந்திரமும் இல்லை. ஆனாலும் அந்தச் சிறுமி இறந்த மூன்றாம் ஆண்டு, 1966-ல், சட்டம் கொண்டுவந்தார்கள். பள்ளிக் குழந்தைகளின் மலத்தை ஆண்டுக்கு இருமுறை சோதித்தார்கள். கழிப்பிடமும் குழாயும் பரவின. ஒரு தலைமுறையில் நாக்குப்பூச்சி அங்கே அபூர்வப் பொருளாகிவிட்டது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை, இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றித் துவங்கிய வலி சில மணி நேரத்தில் வலது கீழ் வயிற்றுக்கு இறங்கினால், கூடவே வாந்தியும் காய்ச்சலும் இருந்தால், நடந்தாலோ குதித்தாலோ வலி அதிகமானால் தாமதிக்காதீர்கள். விளக்கெண்ணெய், பேதி மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஜான் பவர் என்ற டாக்டர் 1930-களில் கணக்கெடுத்துப் பார்த்தார். பேதி மருந்து சாப்பிட்ட குடல்வால் நோயாளிகளிடையே மரணம் பல மடங்கு அதிகமாக இருந்தது. "பூச்சிதான்" என்று யாராவது சொன்னால், "வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மாத்திரையைக் கொடுத்துவிட்டோம் என்று குடல்வால் வலியோடு காத்திருக்காதீர்கள். எந்தப் பூச்சி மாத்திரையும் வீங்கிய குடல்வாலை ஆற்றாது. கீரிப்பூச்சி என்று தெரிந்தால் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட வேண்டும்.

தோழர்களுக்கு வேலை இருக்கிறது. தாலூகா ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் ஆபரேஷன் செய்யும் டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உருப்பெருக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும், அதைத் துப்புரவு செய்பவருக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும். ஆகஸ்டு 15 கிராம சபைக்கு இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டோம் என்று செயலாளர் சொல்வார். உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.